நாங்களும் சைக்கிளில் போனோம்!

“இந்த வயசில் உனக்கு சைக்கிள் ஒரு கேடா?” என்று இவர் கேட்டார். கோபமாக இல்லை, காபியை ஆற்றிக்கொண்டே, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வேறு எந்த ஊர்க்காரர் கேட்டிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். புதுக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவர் இப்படிக் கேட்கலாமா?

சகோதரிகளில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். 1991இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மாள். படிப்பும் சைக்கிளும் சேர்ந்து போக வேண்டும் என்று அதையும் இயக்கத்திலேயே சேர்த்தது அவர்தான். கல் உடைக்கிற பெண்கள், பால்வாடி ஆயாக்கள், கிராம நர்சுகள், டீச்சர்கள் என்று கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டைக்குள் 1500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 70,000 பெண்களுக்கு மேல் அந்தக் காலத்தில் சைக்கிள் கற்றுக்கொண்டு எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

அதில் என் அம்மாவும் ஒருத்தி. பால்வாடியில் ஆயா வேலை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கக் கட்டாது. வாடகைக்கு எடுத்த ஆம்பிளை சைக்கிளில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முதலில் குரங்குப் பெடல், அப்புறம் பாருக்கு மேலே ஏறி சீட். எனக்கு அப்போது 12 வயது. தம்பியைப் பாரில் உட்கார வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, கேரியர் ஓரத்தில் தண்ணீர்க் குடத்தையும் கட்டி அம்மா மிதித்துப் போன காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

நானும் ஓட்டினவள்தான். பத்தாம் வகுப்பு முடிக்கிற வரை 6 கிலோமீட்டர் சைக்கிளில் போய்த்தான் படித்தேன். கல்யாணமாகி வந்தபோது அந்த சைக்கிளை ஒன்றுவிட்ட தங்கைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதோடு சரி. இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

திரும்ப அந்த ஆசை வந்தது எங்கள் மகளிர் குழுவில்தான். 2024 ஜனவரியில், மகளிர் தினத்துக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தது. வழக்கம்போலக் கோலப் போட்டி, மியூசிகல் சேர், பரிசு பிளாஸ்டிக் வாளி. எங்கள் வீட்டில் அந்த வாளியே நாலு இருக்கிறது! “இந்தத் தடவை எல்லாருமாகச் சேர்ந்து சைக்கிளில் ஊரைச் சுற்றி வரலாமா?” என்று சும்மா கேட்டு வைத்தேன். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தர், “சைக்கிளுக்கு எங்கே போறது?” என்றார்.

அதற்குப் பதில் எங்கள் தெருவிலேயே இருந்தது. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தில் கொடுத்த சைக்கிள்! பிள்ளைகள் காலேஜ் போய்விட்டார்கள், வண்டி வாங்கிவிட்டார்கள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே, துணி உலர்த்துகிற கொடிக்குக் காலாக, கோழிக்கூட்டுக்கு முட்டாக நிற்கிறது. ஒரு சாயங்காலம் நானும் என் மகளும் நோட்டும் பேனாவுமாகப் போய் எண்ணினோம். எங்கள் தெருவில் 31 வீடு, 19 சைக்கிள். அதில் தினமும் ஓடுவது 4. ஊர் முழுக்க இப்படி எத்தனை தூங்கிக்கொண்டிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிள் இருக்கிறது, பெண்கள் இருக்கிறார்கள், நோட்டீஸ் அடித்தால் கூட்டம் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். என் அசட்டுத்தனம்!

500 நோட்டீஸ் அடித்தோம். ‘மாபெரும் மகளிர் சைக்கிள் உலா, 2024 மார்ச் 10 ஞாயிறு, காலை 6 மணி, திருக்கோகர்ணம் வரை போய்த் திரும்புதல், அனைவரும் வருக.’ ஒரு ஜவுளிக் கடைக்காரர் 100 பனியன் தருவதாக ஒப்புக்கொண்டார். கடைசி வாரத்தில், ஊர்வலத்துக்கு முன்னால் கடை விளம்பர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போகவேண்டும், எல்லாரும் கடை வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். நாங்கள் தயங்கினோம். பனியனும் வரவில்லை, அவர் போனையும் எடுக்கவில்லை. அது போகட்டும். பனியன் வந்திருந்தாலும் போட்டுக்கொள்ள ஆள் இல்லை! அன்று காலை வந்தவர்கள் 14 பேர். அதில் 5 பேர் என் வீட்டு மனிதர்கள். பாதி வழியில் 2 சைக்கிள் பஞ்சர். திருக்கோகர்ணம் போய்த் திரும்பியவர்கள் 8 பேர். அடுத்த ஒரு வாரம் மளிகைக் கடைக்குக்கூட மகளைத்தான் அனுப்பினேன்.

அந்த வாரம் அம்மா கிராமத்திலிருந்து வந்திருந்தார். மிச்சமிருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்துவிட்டு, “இதப் பாத்துட்டு யாரு வருவா? நாங்க நோட்டீஸப் பாத்தா வந்தோம்? மாசக் கணக்கா விழுந்து எந்திரிச்சு ஓட்டிப் பழகுனோம். பழகுனவ ஒவ்வொருத்தியும் இன்னும் ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்தோம். அப்புறந்தான் ஊர்கோலம். நீ ஊர்கோலத்த மொதல்ல வச்சுட்ட” என்றார்.

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக ரோட்டோரம் நின்று பார்த்தது அந்த ஒரு நாள் கூட்டத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக நடந்த பழக்கத்தை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனேன். “ஏன் வரலே?” என்று சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். ஒவ்வொன்றும் ஒரு பாடம். மார்ச் மாதம் ப்ளஸ் டூ பரீட்சை மாதம். பிள்ளை படிக்கிற நேரத்தில் எந்த அம்மா சைக்கிளில் உலாப் போவாள்? எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று! ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள். காலையிலேயே வேலை தொடங்கிவிடும். காலை 6 மணி என்றால் 4 மணிக்கு எழுந்து காபி, டிபன் முடிக்க வேண்டும். ஓட்டி ரொம்ப நாளாச்சு, விழுந்தால் கேலி செய்வார்கள். இன்னும் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நடுவுல பாத்ரூம் போகணும்னா எங்க போறது?” என்று கேட்டார்கள். நோட்டீசில் இருபது வரி எழுதினேனே, இதற்கு ஒரு வரி எழுதினேனா?

ஜூன் மாதத்திலிருந்து பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் சனி, ஞாயிறு சாயங்காலம் பழகுவதற்கு அனுமதி வாங்கினோம். முதல் வாரம் 6 பேர். நாலாவது வாரம் 30 பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் பிறகு ஓட்ட வந்தவர்கள்.

நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் குரங்குப் பெடலெல்லாம் ஒத்துவராது. என் மகள் கற்றுக்கொடுத்த முறை சுலபமாக இருந்தது. இரண்டு பெடலையும் கழற்றிவிட வேண்டும். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிற அளவுக்கு சீட்டை இறக்க வேண்டும். உட்கார்ந்துகொண்டே காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போக வேண்டும், நம் குழந்தைகள் நடைவண்டியில் போன மாதிரி. இரண்டு நாளில் கால் தரையைத் தொடாமல் பத்தடி, இருபதடி தானாகப் போகும். அந்தச் சமநிலை வந்துவிட்டால் பெடலை மாட்டிக்கொள்ளலாம். முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, தூரத்தில் ஒரு மரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும். நன்றாக ஓட்ட வந்த பிறகு சீட்டை ஏற்ற வேண்டும். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாகவே இருந்தால் முழங்கால் வலிக்கும். “சைக்கிள் ஓட்டினால் முட்டி தேயும்” என்று சொன்னவர்கள் பலருக்கும் சீட்தான் குற்றவாளி. உண்மையில் உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கொள்வதால், நடப்பதைவிட மூட்டுக்கு சைக்கிள் சுகம்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. எழுதுவதற்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை.

எங்கள் எதிர்வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறவர். வயது 50. வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலை கிடையாது. அந்த கிரைண்டர்தான் குடும்பம். “நமக்கெதுக்கு” என்று ஒதுங்கி இருந்தவரை நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் மகனுடைய சைக்கிளை மாடிப்படிக்குக் கீழிருந்து எடுத்துத் தூசி தட்டிக் காற்றடித்ததும் நான்தான். மூன்றாவது வாரமே அக்கா ஜோராக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ஜூலை மாதம் ஒரு ஞாயிறு, மைதானத்துச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடித்தார். பிடிக்கவில்லை. வருஷக் கணக்காக நின்ற சைக்கிள். பிரேக் ரப்பர் கல்லாக இறுகிப் போயிருந்தது. சுவரில் மோதி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. மாவு அரைக்கிற கையில் மாவுக்கட்டு என்று யாரோ வேடிக்கையாகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தெருவில் நாலு பேர், “சும்மா இருந்தவளக் கூட்டிப் போய் கையை ஒடச்சு விட்டாங்க” என்றது என் காதிலும் விழுந்தது. அவர்கள் சொன்னதில் தப்பில்லையே. காற்றடித்த நான் பிரேக்கைப் பார்த்தேனா?

அந்த ஆறு வாரமும் விடியற்காலை 4 மணிக்கு அக்கா வீட்டுக்குப் போய் கிரைண்டரில் மாவு ஆட்டிக் கொடுத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து உளுந்துப் பதம் சொல்வார், நான் தண்ணீர் தெளிப்பேன். வாடிக்கை போகாமல் காப்பாற்றினோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் மேல் இருந்த கடன் அது. ஆட்டிக் கொடுத்ததால் கை வலி போய்விடுமா?

“போதும், இத்தோட விட்டுடு” என்றார் இவர். நானும் விட்டுவிடத்தான் நினைத்தேன். இரண்டு வாரம் மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஆனால் நான் போகாவிட்டாலும் அங்கே 20 பேர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்! அதுவும் யாரும் பிரேக்கைப் பார்க்காமல். அப்போதுதான் பயம் வந்தது. விட்டுவிட்டால் இன்னொரு கை முறியும். நடத்தினால் ஒழுங்காக நடத்த வேண்டும்.

மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தோம். ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்து, சரியாக இருந்தால் ஹேண்டில்பாரில் பச்சை ரிப்பன் கட்டுவார். ரிப்பன் இல்லாத சைக்கிள் மைதானத்துக்குள் வரக் கூடாது. 52 சைக்கிள் பார்த்ததில் 37க்குப் பிரேக் ரப்பர் மாற்ற வேண்டியிருந்தது. விலை சொற்பம்தான். பக்கவாட்டில் விரிசல் விட்ட டயர் 11. படிக்கிற சகோதரிகளே, உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயும் சைக்கிள் நின்றால், அதை வெளியே எடுத்தவுடன் ஏறாதீர்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் நேரே கடைக்குத்தான் போக வேண்டும்.

உடையும் முக்கியம். துப்பட்டாவைத் தொங்க விட்டுக்கொண்டு வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். அது சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கு ஆபத்து. குறுக்கே போட்டு இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். புடவைக்காரர்கள் முந்தானையைச் செருகி, கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, செயின் கவர் உள்ள சைக்கிளாகப் பார்த்து எடுத்தார்கள்.

மாமியார்மார்கள் விஷயம் தனிக் கதை. மூன்றாம் வீட்டு மருமகளுக்குக் குழந்தை பிறந்து எட்டு மாதம். அவளுக்கு ஆசை. மாமியார், “கர்ப்பப்பை எறங்கிரும், பச்ச உடம்பு” என்று ஒரே பிடிவாதம். நான் விவாதம் செய்யவில்லை. இரண்டு பேரையும் லேடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். சைக்கிளால் கர்ப்பப்பை இறங்காது, தையலும் வயிறும் ஆறியிருக்கிறதா என்று பரிசோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, பார்த்துவிட்டு, போகலாம் என்றார். சிசேரியன் ஆனவர்களும், கர்ப்பப்பை ஏற்கெனவே இறங்கியிருக்கிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது என்றும் சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஓட்டக் கூடாது, இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டு, கையில் மிட்டாய் வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அதைக் கேட்ட பிறகும் அந்த மாமியார் முகம் தெளியவில்லை. “அப்ப புள்ளய யாரு பாப்பா?” என்றார். உடனே, “தண்ணிப் பந்தலுக்கு உங்களத்தான் தலைவியாப் போடலாம்னு இருக்கோம் அத்தை, புள்ளையும் உங்க மடியில இருக்கட்டுமே” என்றேன். அவ்வளவுதான்! அடுத்த நாளிலிருந்து எத்தனை டம்ளர், எத்தனை கேன் என்று என்னை அவர் விரட்ட ஆரம்பித்துவிட்டார்.

தேதி குறிப்பதற்கு இந்தத் தடவை காலண்டரை மட்டும் பார்க்கவில்லை, அடுப்படியையும் பார்த்தோம். புரட்டாசி மாதம். பல வீட்டில் கறி, மீன் கிடையாது. சமையல் பாதி வேலை மிச்சம். கல்யாணம் காட்சி அவ்வளவாக இருக்காது. காலாண்டு விடுமுறை, பிள்ளைகளை எழுப்பி அனுப்ப வேண்டாம். 2024 செப்டம்பர் 29, ஞாயிறு என்று முடிவு செய்தோம். 6 மணியை 6-30 ஆக்கினோம். அந்த அரை மணியில் ஒரு காபி போட்டுவிடலாமே! தூரத்தை 5 கிலோமீட்டராகக் குறைத்தோம். புதுக்குளத்துப் பக்கம் கிளம்பி, நான்கு ராஜ வீதிகளையும் சுற்றி, திரும்பவும் அங்கேயே. எங்கள் ஊர்த் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி நேர் நேராக அமைந்தவை. திருப்பங்கள் எல்லாம் தூரத்திலிருந்தே தெரிகின்றன.

போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் டீச்சர் அக்காவும் போனோம். எனக்குப் படபடப்பு. எந்தெந்த வீதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி, எத்தனை பேர், பொறுப்பாளர் யார் என்று எழுதிக் கேட்டார்கள். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது எதிர்வீட்டு அக்காவின் கைதான் ஞாபகம் வந்தது. கொலம்பியா நாட்டில் பொகோட்டா என்ற பெரிய நகரத்தில் 1974 முதல் ஞாயிறு தோறும் பெரிய ரோடுகளை மூடிவிட்டு, காலை 7 மணியிலிருந்து பகல் 2 மணி வரை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டுவிடுகிறார்களாம், 120 கிலோமீட்டருக்கு மேல்! மகள் படித்துச் சொன்னதை ஸ்டேஷனில் எடுத்து விடலாம் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அதற்கு அவசியமே இல்லாமல், முழு ரோட்டையும் மூட முடியாது, இடது பக்கமாக இரண்டிரண்டு பேராகப் போனால் நான்கு முக்கில் ஆள் போடுகிறோம் என்றார்கள். எங்களுக்கு அதுவே போதும்.

விளம்பரத்துக்கு இந்த முறை 100 நோட்டீஸ்தான். மற்றதெல்லாம் வாய். ரேஷன் கடை வரிசை, பள்ளிக்கூட வாசல், தையல் கடை, பூக்காரம்மா. மைதானத்தில் 60 வயது அம்மாள் ஒருவர் முதன்முதலாகத் தனியாக ஓட்டியபோது, “ஏய், பிடிச்சிருக்கியா? விட்டுட்டியா? விட்டுட்டியாடி!” என்று கத்தியதை என் மகள் போனில் எடுத்திருந்தாள். அவர் சம்மதத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அது சேர்த்த ஆட்களை எந்த நோட்டீஸும் சேர்க்கவில்லை. பெயர் கொடுக்க ஆளுக்கு 20 ரூபாய் வாங்கினோம். இலவசமாக வைத்திருக்கலாமே என்று சிலர் குறைப்பட்டார்கள். காசு கொடுத்த பெண்பிள்ளை வராமல் இருக்க மாட்டாள் என்பது என் கட்சி. 112 பேர் பெயர் கொடுத்தார்கள். பெயரோடு வீட்டு போன் நம்பரும், சர்க்கரை, பிரஷர் உண்டா என்பதும் 40 பக்க நோட்டில் ஏறியது.

அன்று காலை 5 மணிக்கு லேசாகத் தூறல். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆறு மணிக்கு நின்றுவிட்டது. 6-20க்கு எண்ணிப் பார்த்தோம், 96 பேர்! மூன்றாம் வீட்டு மருமகள் கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு முதல் ஆளாக நின்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வேகமாக ஓட்டுகிற சின்னப் பெண்களைப் பின்னால் போட்டேன். 60 வயது அம்மாளும் புதிதாகக் கற்றவர்களும் முன்னால். வேகக்காரர்கள் முன்னால் போனால் மெதுவாக வருகிறவர்கள் தனியாகி, மனம் விட்டு, ஏதாவது ஒரு சந்தில் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவார்கள். மார்ச் மாதம் அப்படித்தான் ஆயிற்று. கடைசியில் இரண்டு பலசாலிப் பெண்கள் சிவப்பு ரிப்பனோடு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவர்களுக்கும் பின்னால் ஒரு குட்டி யானை வண்டி, முடியாதவர்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ள. பாதி வழியில் ஒரு கல்யாண மண்டபத்துக்காரரிடம் கேட்டு பாத்ரூமைத் திறந்து வைத்திருந்தோம். வாசலில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தோம், வெட்கப்படாமல்.

கீழ ராஜ வீதியில் எல்லாருமாகத் திரும்பியபோது யாரோ ஒருத்தி மணி அடிக்க, 96 மணியும் சேர்ந்துகொண்டது. டீக்கடையில் நின்ற ஆண்கள் டம்ளரோடு வெளியே வந்தார்கள். கேலி செய்வார்களோ என்று பார்த்தேன். ஒரு பெரியவர், “அறிவொளி மறுபடி வந்துருச்சா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் சைக்கிள் தாண்டிவிட்டது.

ஒருத்திக்குச் செயின் கழன்றது. இரண்டு பேருக்குப் பஞ்சர். ஒருவருக்கு மயக்கம் மாதிரி வந்து, மிட்டாய் சாப்பிட்டு, குட்டி யானையில் ஏறி வந்தார். காலையில் எதுவும் சாப்பிடவில்லையாம், பிஸ்கட் விஷயத்தை எத்தனை தடவை சொன்னேன்! 7-25க்குக் கடைசி சைக்கிள் வந்து சேர்ந்தது. 91 பேர் முழுதாகச் சுற்றி வந்தார்கள். எலுமிச்சம்பழ சாதமும் சுண்டலும், சுக்குமல்லிக் காபியும். எட்டரைக்கு எல்லாரும் அவரவர் வீட்டு அடுப்படியில் இருந்தோம். இவர் அன்று தானே காபி போட்டுக் குடித்திருந்தார். பால் பொங்கி வழிந்த அடுப்பை மட்டும் எனக்காக விட்டு வைத்திருந்தார்.

கணக்கு கேட்பவர்களுக்காக: வரவு, பெயர் கட்டணம் 2240 ரூபாய், குழுவிலிருந்து 1500, ஆக 3740. செலவில் சைக்கிள் கடைப் பெரியவருக்கு 1000, சாதம், சுண்டல், காபிக்கு 1380, பேனரும் நோட்டீஸும் 450, மருந்துப் பெட்டிக்கு 260, தண்ணீர் கேன் 210, ரிப்பன் 120. மிச்சம் 320 ரூபாய். பிரேக் ரப்பரும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் வாங்கி வைத்துக்கொண்டோம். குட்டி யானைக்காரர் எங்கள் குழு உறுப்பினரின் தம்பி, டீசலுக்குக்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

அம்மாவும் வந்திருந்தார். 70 வயது, முட்டி வலி, ஓட்டவில்லை. தண்ணீர்ப் பந்தலில் உட்கார்ந்து ஒவ்வொருவரும் எப்படி இறங்குகிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார். “எங்க காலத்துல பார் மேல காலைத் தூக்கிப் போட்டு எறங்கணும், இப்ப என்ன, சும்மா எறங்குறாளுக” என்றார்.

எதிர்வீட்டு அக்கா ஓட்ட வரவில்லை. ராஜ வீதி முக்கில் பச்சைக் கொடி பிடித்து நின்றார், இடது கையால். கட்டுப் பிரித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாங்கள் தாண்டும்போது என்னைப் பார்த்து, “மெதுவாப் போ” என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் அவரை நான் கூப்பிடவே இல்லை. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டுக்காரர் இப்போது எங்கள் வீட்டுக்காரரோடு பேசுகிறார், கொஞ்சம் கொஞ்சம்.

போன வாரம் மாவு வாங்கப் போனபோது, மாடிப்படிக்குக் கீழே அந்த சைக்கிள் நின்றது. ஹேண்டில்பாரில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தது. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை. மாவைக் கொடுத்துவிட்டு, “உளுந்து இன்னிக்கு நல்லாப் பொங்கிருக்கு, தோசை வார்த்துப் பாரு” என்றார்.